8 எக்ஸ் ஸ்கோப் மாட்டினால் குறி தப்பாதா?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி, சோபாவில் குப்புறப் படுத்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். திடீரென ஒரு கத்தல்.

"8 எக்ஸ் ஸ்கோப் கெடச்சிருச்சுண்ணா! இனி ஒருத்தன்கூட தப்ப முடியாது!"

"நிஜத் துப்பாக்கியிலயும் அப்படித்தானா? மாட்டின உடனே குறி சரியா இருக்குமா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஏன், இருக்காதா?" என்று திருப்பிக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அன்று இரவு தேட ஆரம்பித்தேன். அதுதான் இந்த வாரக் கதை.

முதலிலேயே ஒன்று. நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பொழுதுபோக்குக்காக மான் சுடப்போகிறேன் என்று யாரும் கிளம்ப முடியாது. எனவே, வேட்டை சட்டப்படி நடக்கும் ஒரு நாட்டுக்குப் போவோம். நார்வே! அங்கே இலையுதிர்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாக மூஸ் எனும் பெரிய மானை வேட்டையாடக் கிளம்புவார்கள். இறைச்சி, குளிர்காலத்துக்காக ஃப்ரீசருக்குப் போகும். அந்த வீடுகளில் ஸ்கோப் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல.

பெரிய நம்பர் நல்ல நம்பரா?

ஸ்கோப் பெட்டியில் '3-9 எக்ஸ் 40' என்பதுபோல எழுதியிருக்கும். 3 மடங்கு முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று அர்த்தம்.

'அப்போ 9-லயே வைச்சுக்கலாமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பெரிதாக்கப் பெரிதாக்க, கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுருங்கும். 40 மீட்டர் தூரத்தில், மரங்களுக்கு நடுவே நடக்கும் மூஸை 9 மடங்கில் பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரியும். அது தோளா, வயிறா என்றே புரியாது. கையின் சின்ன நடுக்கமும் 9 மடங்காகத் தெரியும். அதனால் அடர்ந்த காட்டில் குறைந்த மடங்கையும், வெட்டவெளியில் அதிக மடங்கையும் வைப்பார்கள்.

அடுத்தது வெளிச்சம். மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். லென்ஸின் அளவை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4. ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மி.மீ.தான். இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும். எனவே 9 மடங்கில் காட்சி மங்கலாகிவிடும். 4 மடங்குக்குக் குறைத்தால் வெளிச்சமாகிவிடும். ஐரோப்பாவில் இரவில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8 மடங்கு, 56 மி.மீ. லென்ஸ் வாங்குவது இதனால்தான். 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7! வயது ஏற ஏற கண்மணி விரிவது குறையும் என்பதால், தாத்தாவுக்கு அவ்வளவு பெரிய லென்ஸால் பெரிய லாபம் இருக்காது.

மூன்றாவது, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே வேண்டிய இடைவெளி. வேட்டை ஸ்கோப்புகளில் இது சுமார் 9 செ.மீ. இதைவிட நெருங்கிப் பார்த்துக்கொண்டு சுட்டால், துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இடிக்கும். பிறை வடிவில் வெட்டிவிடும். அந்தத் தழும்போடு நடமாடும் வேட்டைக்காரர்கள் பல ஊர்களில் உண்டு.

சிலந்தி பின்னிய கோடு

ஸ்கோப்புக்குள் தெரியும் கூட்டல் குறிக்குப் பின்னால் ஒரு சிலந்தி இருக்கிறது. 1630-களின் இறுதியில் வில்லியம் கேஸ்காயின் என்ற ஆங்கிலேய வானியலாளரின் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் பின்னியிருந்தது. பார்த்தால், தூரத்துக் காட்சியும் நூலும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிந்தன. எதைக் குறிவைக்கிறோம் என்று காட்டும் கோடு கிடைத்துவிட்டது.

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கோடு சொல்வது, ஸ்கோப் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும்தான். துப்பாக்கிக் குழல் எங்கே பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது!

இரண்டு கோடுகளையும் சந்திக்கவைப்பது

ஸ்கோப், குழலுக்கு மேலே சுமார் 4 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கும். குண்டோ, குழலை விட்டு வெளியே வந்ததுமே புவியீர்ப்பால் இறங்க ஆரம்பிக்கும். சாதாரண மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு, ஒரு நொடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரத்தில் 100 மீட்டரைத் தாண்டிவிடும். அதற்குள்ளேயே சுமார் 7 செ.மீ. இறங்கியிருக்கும். மாங்காய்க்குக் கல் எறியும்போது கொஞ்சம் மேலே பார்த்து எறிவோமே, அதே கணக்குதான். ஸ்கோப்பின் பார்வையும் குண்டின் பாதையும் குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி சரிசெய்வதற்குப் பெயர்தான் 'ஜீரோ' செய்வது.

முதலில் 25 மீட்டரில் காகித அட்டையை வைப்பார்கள். தூரத்தில் வைத்தால் குண்டு அட்டையிலேயே படாமல் போகலாம். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் அசையாமல் சாய்த்து, ஒரே புள்ளியைப் பார்த்து மூன்று முறை சுடுவார்கள். ஒரு குண்டை மட்டும் நம்பக் கூடாது. அது கை நடுங்கியதால் விலகியிருக்கலாம். மூன்று ஓட்டைகளின் நடுப்புள்ளிதான் உண்மையைச் சொல்லும்.

பிறகு ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுகளுக்கு வேலை. பல ஐரோப்பிய ஸ்கோப்புகளில் ஒரு 'க்ளிக்' திருகினால், 100 மீட்டரில் குண்டு படும் இடம் 1 செ.மீ. நகரும். 100 மீட்டரில் குண்டுகள் 6 செ.மீ. இடதுபக்கமும் 4 செ.மீ. கீழேயும் பட்டிருந்தால், வலதுபக்கம் 6 க்ளிக், மேலே 4 க்ளிக். 25 மீட்டரில் அதே க்ளிக் கால் செ.மீ.தான் நகர்த்தும் என்பதால் நான்கு மடங்கு திருக வேண்டும். இதை மறந்துவிட்டு, 'திருகு வேலை செய்யல' என்று புலம்புகிறவர்கள் உண்டு.

25 மீட்டரில் சரியானதும் 100 மீட்டருக்குப் போய் மறுபடியும் மூன்று குண்டுகள். நடுநடுவே குழல் ஆற வேண்டும். காட்டில் முதல் குண்டு ஆறிய குழலிலிருந்துதானே போகும்? வேறு வகைக் குண்டு வாங்கினாலோ, துப்பாக்கி ஒருமுறை கீழே விழுந்தாலோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

அரசாங்கமே வைக்கும் பரீட்சை

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? காகிதத்தில் 15 செ.மீ. தவறினால் இன்னொரு காகிதம் மாட்டலாம். மானின் உடலில் 15 செ.மீ. தவறினால், இதயம், நுரையீரலுக்குப் பதிலாக வயிற்றில் பாயும். அந்த விலங்கு உடனே சாகாது. வலியோடு வெகுதூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

அதனால்தான் நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாடுபவர்கள் ஆண்டுதோறும் பரீட்சை எழுத வேண்டும், துப்பாக்கியால்! முதலில் குறைந்தது 30 குண்டுகள் பயிற்சி. பிறகு 100 மீட்டரில் ரெயின்டீர் மான் படம். ஐந்து குண்டுகள். ஐந்தும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். நான்கு விழுந்தால் ஃபெயில். 'போன வருஷம் பாஸ் பண்ணினேனே' என்ற கதையெல்லாம் எடுபடாது. அதோடு, மூஸ் வேட்டைக்குப் போகும்போது, காயம்பட்ட விலங்கைத் தேடப் பழக்கப்பட்ட நாய்க்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சுட்டுவிட்டு, 'ஓடிப்போச்சு' என்று வீட்டுக்குத் திரும்ப முடியாது.

வேட்டை சரியா, தவறா என்று வீட்டுக்கு வீடு கருத்து மாறலாம். எனக்கும் ஒரு மானைச் சுடும் மனசு கிடையாது. ஆனால், சுட அனுமதி கொடுக்கும் நாடு, 'முதல்ல உன் கருவி உண்மை சொல்லுதான்னு நிரூபி' என்று கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னேன். பாதியில் போனைக் கீழே வைத்துவிட்டான். அதுவே பெரிய விஷயம்!

"30 குண்டும் வெறும் பேப்பர்லயாண்ணா? போரடிக்காதா?" என்றான்.

போரடிக்கும்தான். ஆனால், அந்தப் போரை ஒருவர் பொறுத்துக்கொள்ளாவிட்டால், அதற்கான வலியை ஒரு மான் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.