இதயம் காக்கும் இல்லத்துப் பழக்கங்கள்

 

பெருநாள் மாலை. நெய்ச்சோறும் இறைச்சிக் குழம்பும் உண்டு மகிழ்ந்த உறவினர்கள் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். அடுக்களையில் பாத்திரங்களை ஒழுங்குபடுத்திக் கொண்டிருக்கும் இல்லத்தரசிக்கு நெஞ்சில் ஓர் இறுக்கம், முதுகில் வலி, உடலெங்கும் வியர்வை. "வாய்வுதான். ஓமநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று கூறிச் சாய்ந்து படுக்கின்றார். காலையில் பார்த்துக் கொள்ளலாம் என வீட்டாரும் இருந்துவிடுகின்றனர். சிலருக்கு அந்தக் காலை விடியாமலே போய்விடுகின்றது. நம்மில் பலர் கேட்டு வருந்திய செய்தி அன்றோ இது!

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதங்களுள் உடலும் ஒன்று. அவ்வுடலின் நடுவே, கைப்பிடியளவே உள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கின்றது. நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் என நாளொன்றுக்கு 7,000 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகின்றது. இத்துணை உழைக்கும் இதயத்திற்குத் தனக்கெனவும் இரத்தம் வேண்டுமல்லவா? அதனை வழங்குபவை இதயத்தின் மேற்புறம் படர்ந்துள்ள மெல்லிய தமனிகள். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிந்து, ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக் கொள்வதே மாரடைப்பு. நோய் திடீரென வெளிப்படுகின்றதேயன்றித் திடீரென உருவாவதில்லை. நம் அன்றாடப் பழக்கங்களே அதனை வளர்க்கவும் தடுக்கவும் செய்கின்றன.

52 நாடுகளில் நடத்தப்பெற்று, 2004-ஆம் ஆண்டில் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு ஒன்பது காரணிகளோடு தொடர்பு உண்டு எனக் கண்டறிந்தது. புகைபிடித்தல், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன இறுக்கம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகியவை அவை. மதுவை மார்க்கம் நமக்கு ஹராமாக்கிக் காத்தது, அல்ஹம்துலில்லாஹ்! எஞ்சிய எட்டும் நம் இல்லங்களில் இல்லையெனச் சொல்ல முடியுமா? அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2007-இல் வெளியான கட்டுரை, பிறருக்கு ஏறத்தாழ 59 வயதில் வரும் முதல் மாரடைப்பு, நம் தெற்காசிய மக்களுக்கு 53 வயதிலேயே வருவதைச் சுட்டிக் காட்டியது. ஆகவே, நமக்குக் கவனம் கூடுதலாகத் தேவை.

தொழுகை நேரங்களால் ஒழுங்குபட்ட நம் நாளிலேயே இப்பழக்கங்களையும் பொருத்திக் கொள்ளலாம்.

பஜ்ரு தொழுதபின் மீண்டும் போர்வைக்குள் புகுந்து கொள்வதைக் கைவிடுங்கள். 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாட்கள், சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள். "ஐவேளை தொழுகின்றோமே, அது போதாதா?" எனச் சிலர் வினவுவர். தொழுகை இறைவணக்கம், அதன் மென்மையான அசைவுகள் விரைந்த நடைக்கு ஈடாகமாட்டா. தெருவில் நடக்கத் தயங்கும் பெண்கள் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் நடக்கலாம். ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்போர் இன்றே தொடங்குங்கள். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழுமுறை ஓடும் சஃயி மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வருகின்றது.

லுஹருக்கு முன் அடுக்களையில் உலை கொதிக்கும் வேளை. இங்கே ஆட்சி இல்லத்தரசியுடையது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதனை அளந்து பார்க்க எளிய வழியொன்று உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 40 நாட்களுக்காவது வரவேண்டும். அதற்குள் பாக்கெட் தீர்ந்துவிட்டால் எங்கோ கை தாராளமாகின்றது என்று பொருள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, குர்பானி இறைச்சியில் போடும் உப்புக்கண்டம் ஆகியவற்றின் உப்பு இக்கணக்கிற்கு வெளியே நிற்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பர் மருத்துவர்கள். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது தீங்கு. பிரியாணியை வனஸ்பதியில் தாளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். இறைச்சியை விலக்கச் சொல்லவில்லை. கொழுப்பை அகற்றி, அளவைக் குறைத்து, அதே தட்டில் காய்களுக்கும் கீரைக்கும் பருப்புக்கும் இடம் கொடுங்கள். வாரத்தில் இரு நாட்கள் குழம்பாக வைத்த மீன் உண்பது நன்று.

அஸருக்குப் பின் தேநீர் வேளை. சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சமோசாவுக்கு மாற்றாகச் சுண்டலோ, வேர்க்கடலையோ, பழமோ வைக்கலாம். கடைத்தெருவுக்குச் சென்று புகைக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: புகையை நிறுத்திய ஓராண்டிலேயே இதயநோயின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது. நீங்கள் விடும் புகையை மனைவியும் மக்களும் சுவாசிக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மஃரிபுக்குப் பின் குடும்பத்துடன் அமருங்கள். மனச்சுமையை இறக்கி வைக்க ஒரு செவி கிடைப்பதே பெரும் மருந்து. வளைகுடாவில் உழைக்கும் கணவரோடோ மகனோடோ தொலைபேசியில் உரையாடும்போது, பணம் வந்ததா என்று கேட்பதோடு, "இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றும் கேளுங்கள். தனியே வாழ்பவருக்கு இதனை நினைவூட்ட வேறு எவர் இருக்கின்றார்?

இஷாவுக்குப் பின் தூக்கத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இரவு உணவை முன்னதாகவும் குறைவாகவும் முடித்து, 7 மணி நேரம் உறங்குங்கள்.

முப்பது வயதைக் கடந்த அனைவரும் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக் கொள்ளுங்கள். அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மருத்துவரை நாடுங்கள். தையல் நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மீறினால் எச்சரிக்கை கொள்ளுங்கள். உடல் நலமாயிருப்பதாகத் தோன்றியதும் மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு; நலமாயிருப்பதே மாத்திரையால்தான். ரமளானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, ஸஹர், இஃப்தார் வேளைகளுக்கு மருந்தை மாற்றிக் கொள்ள இயலுமா எனக் கேளுங்கள். நோன்பு கூடாது என அவர் தடுத்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக் கொள்ளுங்கள். அல்லாஹ் அளித்த சலுகையைப் பெறுவதில் தாழ்வு ஏதுமில்லை.

இறுதியாக, தொடக்கத்தில் கண்ட அந்தச் சகோதரியிடம் வருவோம். நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் நெஞ்சுவலி இன்றியே, மூச்சுத் திணறலாகவோ, குமட்டலாகவோ, காரணமறியாச் சோர்வாகவோ அது வரக்கூடும். இதனாலேயே 'வாய்வு' என ஏமாந்து போகின்றோம். வாய்வா, மாரடைப்பா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது ஈசிஜி, ஓமநீர் அன்று. நோயாளியை நடக்கவிடாமல் அமர வைத்து, தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். அடைபட்ட இதயத்தசை நிமிடந்தோறும் மடிந்து கொண்டிருக்கின்றது. மகன் வரட்டும், பெண் மருத்துவர் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும் நேரம் இதுவன்று.

வீட்டாரின் தட்டையெல்லாம் நிறைத்துவிட்டுத் தன் வலியை மட்டும் மறைத்துக் கொள்ளும் உம்மாமார்களே! உங்கள் இதயமும் அமானிதமே. வீட்டு ஆண்களே! அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலமும் உளநலமும் நிறைந்த நீண்ட ஆயுளை நல்குவானாக! ஆமீன்.