பெரிசைத் திட்டாதீங்க, காதைச் சோதிங்க!

பண்ருட்டி பஸ். கண்டக்டர் மூணு தடவை "எங்கே போகணும்?" என்கிறார். பெரியவர் விழிக்கிறார். "செவிட்டுப் பெரிசு!" என்று ஒரே சிரிப்பு.

60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் காது மந்தம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேட்காதவர் மெல்லப் பேச்சையே விடுகிறார். மறதி நோயும் வரலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறது. காதையும் பார்த்தால் என்ன? சிலருக்கு வெறும் குறும்பி அடைப்புதான், எடுத்தால் சரி. முழுச் சோதனைக்குத்தான் ஆடியோமீட்டரும் சத்தம் புகாத அறையும் வேண்டும். முதல் சோதனைக்குக் கையடக்கக் கருவியே போதும்.

அண்ணாகிராமம் ஒன்றிய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாதம் ஒருநாள் அந்தக் கருவி வரட்டும். கத்திக் கத்தி அலுத்த வீடுகள் கேட்கின்றன. அதிகாரிகள் காதில் விழுமா?