விண்வழியும் விதிவிலக்கும்

1972 ஏப்ரலில் அப்பலோ 16 சந்திரனிலிருந்து மீண்டது; டிசெம்பரில் அப்பலோ 17 புறப்பட்டது. இடையே ஓகஸ்டில் சூரியன் சீறிற்று. அவ்வேளை சந்திரத் தரையில் எவரேனும் நின்றிருப்பின் கதிர்நோய்க்கு ஆளாகியிருப்பர் என்பர் அறிஞர். நாட்காட்டியின் தயவால் அன்று ஒருவரும் அங்கில்லை.

சூரியப் புயலுக்கேனும் ஒதுங்கிடமுண்டு. ஓரையன் கலத்திற் செல்வோர் பொதிகளைச் சுற்றிலும் அடுக்கி, அது தணியுமட்டும் அவற்றினிடையே பதுங்கியிருக்கலாம். நட்சத்திர மண்டலத்திலிருந்து ஓயாது பொழியும் அண்டக்கதிர்களோ வேறு வகையின. சுவரைத் தடிப்பாக்கினாற் போதுமே என்றுதான் நானும் ஒருகால் எண்ணியிருந்தேன். ஆனால் அலுமினியச் சுவரில் மோதும் கனத்த அணுக்கருக்கள் சிதறி, நியூத்திரன் முதலாய புதுத் துணிக்கைகளைக் கலத்தினுள்ளே சொரிகின்றன. ஐதரசன் மிக்க நீரும் பொலித்தீனும் அலுமினியத்தினும் நல்லவை. எனினும், சுமக்கக்கூடிய அளவில் அவை கதிரைக் குறைக்குமேயன்றி ஒழிக்கமாட்டா.

கியூரியோசிற்றி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குச் சென்ற வழியில், அதிலிருந்த கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவேட் அளந்தது. அக்கணக்கிற் போய்வரும் வழிக்கு மட்டும் ஏறத்தாழ 660 மில்லிசீவேட் ஆகும். செவ்வாயில் தங்கும் நாட்கள் இதிற் சேரவில்லை. நாசா 2022இல் ஒருவரது பணிக்காலம் முழுமைக்கும் விதித்த வரம்போ 600! அவ்வரம்பை 2021இல் ஆதரித்த அமெரிக்க அறிவியற் குழுவே, நெடும்பயணங்களுக்கு விலக்களிக்கும் முறையொன்றையும் வகுக்குமாறு கூறிற்று.

பயணியின் சம்மதம் பெறப்படுமாம். செவ்வாய்க்குச் செல்லவென்றே ஆண்டுக்கணக்கிற் பயின்றவர், புறப்படும் வேளையிற் படிவத்தை நீட்டினால் ஒப்பமிட மறுப்பாரா? மறுக்கமாட்டார் என்பதைப் படிவத்தை எழுதியவரும் அறிவர்.