மலைப்பாதைக்கு ஒரு துணை

பாறசாலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் வாணிபத்தின் பொருட்டு மதுரைப் பக்கத்திலிருந்து எல்லை கடந்து வந்து குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு வயது பதினாறு. தந்தை வாங்கிக் கொடுத்த மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் விடியுமுன் வெள்ளறடைப் பக்கத்து மலைச்சரிவுகளுக்குத் தனியே போய்விடுவது அவன் வழக்கம். ஒரு நாள் இருட்டிய பிறகே வீடு திரும்பினான். ஒரு கை வீங்கியிருந்தது. மறு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரப்பர்த் தோட்டத்து இறக்கம் ஒன்றில் செயின் அறுந்து விழுந்திருக்கிறான். உதவிக்கு ஆளில்லை, கைப்பேசியும் எடுக்கவில்லை.

“ஐயா, வண்டியைப் பூட்டி வைத்தால் பிள்ளையின் முகம் வாடுகிறது. பூட்டாவிட்டால் எனக்கு உறக்கம் வருவதில்லை. எங்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இக்கடிதத்தில் நம் நெஞ்சைத் தொட்டது ‘எங்களுக்கு இங்கே யாரையும் தெரியாது’ என்னும் வரியே. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். தந்தைக்குக் கடை, தாய்க்கு வீடு, பிள்ளைக்குப் பள்ளி என்று நாட்கள் கழிகின்றன. அப்பிள்ளை தனியே மலைக்குப் போகிறான் என்றால், அவன் மலையை விரும்புகிறான் என்று மட்டும் கொள்ளலாகாது. உடன் செல்ல ஒருவரும் இல்லை என்பதும் அதன் பொருளாகும். ஆகவே, வண்டியைப் பூட்ட வேண்டாம், பிள்ளைக்குத் துணை தேடுவோம் என்று அச்சகோதரிக்கு மறுமொழி எழுதினோம். எப்படித் தேடுவது என்பதை மற்ற அன்பர்களும் அறியும்பொருட்டு இங்கே விரித்துரைக்கிறோம்.

மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டுவது இன்று உலகெங்கும் பரவியுள்ள விளையாட்டு. அது ஒரு நண்பர் கூட்டத்திலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்தில் தாமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. 1970களில் அம்மலையடிவாரத்து இளைஞர் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட தடித்த டயர் வண்டிகளைப் பழைய சாமான்களுக்கிடையே தேடிப் பிடித்து, மலையுச்சிக்குக் கொண்டு போய், மண்பாதையில் கீழே ஓட்டி மகிழ்ந்தார்கள். அவர்களுள் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் ஆகியோர் ஏற்கெனவே ஒரே மிதிவண்டிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். செங்குத்தான ஓர் இறக்கத்தில் 1976 அக்டோபர் 21ஆம் நாள் தமக்குள் பந்தயம் வைத்தார்கள். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் முழுதும் புகையாய்ப் போய்விடும்; மறுபடியும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனாலேயே அப்பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைத்தல்’, என்று பெயர் வந்தது. வெண்டி கிராக் என்னும் பெண்மணி அவர்களோடு வண்டியும் ஓட்டினார், புகைப்படமும் எடுத்தார். மலைக்கென்றே தனியாக வண்டி செய்யும் தொழில் அதன் பின்னரே தோன்றியது. ஆக, நல்ல வண்டி வாங்கிய பிறகுதான் கூட்டத்தில் சேர வேண்டும் என்பதில்லை. இவ்விளையாட்டில் கூட்டமே முன்னது, வண்டி பின்னது.

அன்று பழைய வண்டிகளோடு தொடங்கிய அவ்விளையாட்டு 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. நமக்கும் அது தொலைவில் இல்லை. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை, ஆசிய மலைமிதிவண்டிப் போட்டிகள் நம் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியிலேயே நடைபெற்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடக்கூடிய இடம் அது. வயநாட்டு மானந்தவாடியிலும் இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன. நம் பிள்ளைகள் தனியே செய்வது ஏதோ கிறுக்குத்தனம் என்று பெற்றோர் எண்ண வேண்டுவதில்லை என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

இனி, துணை தேடும் வழிக்கு வருவோம்.

மிதிவண்டிச் சங்கம் என்றவுடன் பெயர்ப்பலகையும் அலுவலகமும் இருக்கும் என்று எண்ணித் தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள். சிற்றூர்ப் பக்கங்களில் இக்கூட்டங்கள் பெரும்பாலும் ஐந்தாறு பேர் கூடும் நட்பு வட்டங்களே. அவற்றை அறிந்த முதல் மனிதர் பழுது பார்க்கும் சைக்கிள் கடைக்காரர். தடித்த டயர் வண்டிகள் எங்கே சேறு பூசி வந்து நிற்கின்றனவோ, அங்கே விசாரிக்க வேண்டும். இரண்டாவது வழி, அவர்கள் செல்லும் பாதையில் அவர்கள் செல்லும் நேரத்தில் இருப்பது. மலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் புறப்படுவார்கள். திரும்பும்போது ஏதேனும் ஒரு சாயாக்கடையில் வண்டிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மூன்றாவது வழி, அருகிலுள்ள பெருநகரச் சங்கங்களைக் கேட்பது. ஸ்ட்ராவா போன்ற கைப்பேசிச் செயலிகளில் ஓட்டுநர்கள் தாம் சென்ற பாதைகளைப் பதிந்து வைக்கிறார்கள்; அங்கும் தேடலாம். தேடும்போது எல்லைக்கு ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது நமக்குத் தகாது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது வரைந்த கோடு அது. மலைப்பாதைகள் அக்கோட்டை அறியா. திருவனந்தபுரத்தில் கேட்பதுபோல் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கேட்க வேண்டும்.

நாம் அச்சகோதரியின் மகனை அழைத்துக்கொண்டு களியக்காவிளைப் பக்கத்துச் சைக்கிள் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் முதியவர். அறுந்த செயினைப் பார்த்தார். பையனின் கையையும் பார்த்தார்.

“ஒத்தைக்கா மக்களே மலைக்குப் போன?” என்று கேட்டார். பையன் தலை குனிந்தான். “ஞாயித்துக்கிழமை காலத்த அஞ்சரைக்கு இங்க வா. நாலஞ்சு பேரு வருவாவ. கை நல்லா ஆவட்டும், பொறவு வா” என்றார்.

தேடல் அவ்வளவில் முடிந்தது. நான்கு ஆண்டுகளாக அக்குடும்பம் அந்தக் கடையைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தது.

கை தேறிய பின் முதல் ஞாயிறு வந்தது. தந்தையும் உடன் போய், வந்திருந்தவர்களோடு பேசினார். பெற்றோர் இதனை அவசியம் செய்ய வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது, யார் பொறுப்பு என்று கேட்டால் நல்ல கூட்டத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள். நல்ல கூட்டத்தை அறிய வேறு அடையாளங்களும் உள்ளன. வழி தெரிந்த ஒருவர் முன்னே செல்வார். பொறுமையுள்ள ஒருவர் எல்லோருக்கும் பின்னே வருவார். பாதை பிரியும் இடந்தோறும் கடைசி ஆள் வரும்வரை அனைவரும் நிற்பார்கள். ஹெல்மெட் இல்லாதவரை உடன் அழைத்துச் செல்ல மாட்டார்கள். டியூப், பம்பு, செயின் இணைக்கும் கருவி, தண்ணீர், கட்டுத்துணி ஆகியவை யாரிடமேனும் இருக்கும். இதற்கு மாறாக, முதல் நாளே பணம் கேட்பவர்களையும், புதியவரின் வண்டியைக் கண்டு நகைப்பவர்களையும், லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுபவர்களையும் விட்டு விலகுவதே நன்று.

வண்டியைப் பற்றியும் ஒரு சொல். மலைமிதிவண்டிபோலத் தோற்றம் மட்டும் கொண்ட மலிவான வண்டிகள் கடைகளில் உண்டு. அவற்றைத் தார்ச்சாலையில் ஓட்டலாம். கல்லும் வேருமுள்ள இறக்கத்தில் நம்பலாகாது. புதிது வாங்குமுன் கூட்டத்தாரின் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். இருக்கும் வண்டியில் பிரேக்குகள் இரண்டும் பிடிக்கின்றனவா, சக்கரங்கள் இறுக்கமாயிருக்கின்றனவா என்று புறப்படுமுன் பார்த்தால், தொடக்கத்துக்கு அதுவே போதும்.

அந்த முதல் பயணத்தில் பையன் ஏற்றங்களில் மிகவும் பின்தங்கினான். அவனுக்கு மலையாளம் படிக்கத் தெரியும்; பேசக் கூச்சம். பின்னே வந்தவர் ஒரு மலையாள இளைஞர். ஏற்றத்தில் கியரை எப்போது மாற்றுவது, இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் என்ன ஆகும் என்பவற்றை அவர் மலையாளத்தில் சொல்ல, இவன் தமிழில் கேட்க, இருவருக்கும் விளங்கியது. சாயாக்கடையை அடைவதற்குள் அவர் இவனுக்குச் ‘சேட்ட’னாகிவிட்டார். பள்ளி நான்கு ஆண்டுகளில் போக்காத கூச்சத்தை ஒரு மலையேற்றம் போக்கியது.

ஆனால், ஒரு நாள் உடன் போனதனாலேயே ஒருவர் கூட்டத்தைச் சேர்ந்தவராகிவிட மாட்டார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நேரம் தவறாமல் வருகிறவரையே கூட்டம் தன்னவராக ஏற்கிறது. கைப்பேசிக் குழுவில் பெயர் சேர்ப்பதும், சந்தா இருந்தால் கட்டுவதும் பிறகு தாமே நடக்கும். பிறர் பஞ்சர் ஒட்டும்போது வண்டியைப் பிடித்து நிற்பதும், பாதையில் விழுந்த கிளையை அகற்றுவதும் சந்தாவைவிடப் பெரியவை.

கூட்டத்தோடு செல்வதால் கிட்டும் மற்றொரு நன்மை, எங்கே போகலாகாது என்ற அறிவு. ரப்பர்த் தோட்டத்துப் பாதைகள் பொதுவழிகள் அல்ல. உடையவரிடம் கேட்டே நுழைய வேண்டும். வெட்டுக்கத்தியும் பால் வாளியுமாய் விடியலில் மரத்துக்கு மரம் போகும் தொழிலாளிக்கு நாம் வழிவிட வேண்டும். நெய்யாறு வனவிலங்குக் காப்பிடம் 1958 முதல் இருப்பது. அங்கே யானை உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே சக்கரம் வைப்பது குற்றம். காளிமலைக்கும் தெக்கன் குரிசுமலைக்கும் அடியார்கள் ஏறும் திருநாட்களில் அப்பாதைகளை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும். மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001 நவம்பர் 9ஆம் நாள் இரவு அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. பெருமழை பெய்த பின் சரிவுகளுக்குப் போகாதே என்று ஊரார் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. தனியே போகிறவனுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்?

பெண் குழந்தைகளைப் பற்றியும் சில அன்பர்கள் கேட்கிறார்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். ஒருத்தி தனியே கற்றிருந்தால் ஊர் நகைத்திருக்கும்; கூட்டமாய்க் கற்றபோது ஊர் வழிவிட்டது. நம் பெண்களும் இருவர் மூவராகச் சேர்ந்து, தாயோ அண்ணனோ உடன்வரத் தொடங்கலாம். எளிய பாதைகளுக்குக் குறைவில்லை.

சென்ற வாரம் அச்சகோதரியிடமிருந்து மறு கடிதம் வந்தது. மகன் ஆறு வாரங்களாகத் தவறாமல் போகிறானாம். கடைசி ஞாயிறன்று புதிதாய் ஒரு சிறுவன் வந்திருந்தான். அவனோடு பின்னே வரும் பொறுப்பை இவனிடம் கொடுத்தார்களாம். “என் அச்சம் முழுதும் நீங்கவில்லை ஐயா. ஆனால் எங்கே போகிறான், யாரோடு போகிறான், எத்தனை மணிக்கு வருவான் என்று இப்போது எனக்குத் தெரியும்” என்று எழுதியிருக்கிறார்.

ஒரு தாய்க்கு இதைவிட அதிகமாக எந்தச் சங்கமும் உறுதி கூற இயலாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடைப் பகுதிகளில் மலைமிதிவண்டி ஓட்டும் அன்பர்கள், தாங்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் நமக்கு எழுதித் தெரிவித்தால், துணை தேடும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.