வைத்திய மாணாக்கரும் தடுப்பூசியும்

1847-ஆம் ஆண்டில் வீயன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையிலே, கொல்லெச்கா என்னும் பேராசிரியர் பிரேத பரிசோதனை நடத்துங்கால், மாணாக்கன் ஒருவனது கத்தி தவறி அவர் விரலிற் பட்டது. காயம் சிறிதே, எனினும் அதனால் அவர் உயிர் துறந்தார். அவருடைய நண்பர் செம்மல்வைஸ், பிரசவ ஜன்னியால் மாண்ட தாய்மாரிடம் கண்ட குறிகளே தம் நண்பரின் உடலிலும் இருத்தலை அறிந்து, பிரேத அறையினின்று நோயைப் பிரசவ விடுதிக்குச் சுமந்து செல்வன வைத்தியர், மாணாக்கர் ஆகியோரின் கைகளே என்று தெளிந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவ்விடுதியில் 100-க்கு 18 தாய்மார் இறந்தனர். குளோரின் கலந்த நீரிற் கைகழுவும் விதி மே மாதத்தில் ஏற்பட்டபின், ஜூனில் அத்தொகை ஏறக்குறைய 2 ஆயிற்று. வைத்தியம் பயில்வோன் நோய்க்கு இரையாதலும் கூடும், நோயைப் பிறர்க்குக் கொண்டு சேர்த்தலும் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கைகழுவுதல் இன்றும் முதல் விதியே. ஆயின் தோலைத் துளைத்துப் புகும் ஊசி முனைக்கு அது காப்பாகாது. ஹெப்படைட்டிஸ் பி என்னும் ஈரல் நோயின் கிருமியுள்ள இரத்தம் தோய்ந்த ஊசி தைத்தால், காப்பற்றவருள் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை அக்கிருமிக்கு ஆளாவர். எச்.ஐ.வி. கிருமியாயின் 1,000-க்கு 3 பேரே. பின்னதன் பெயர் கேட்டு உலகம் நடுங்குகின்றது. முன்னதையோ பலர் பொருட்படுத்துவதில்லை! இத்தனைக்கும் தடுப்பூசி இருப்பது முன்னதற்கே. 1981-லிருந்து அது வழக்கில் உள்ளது. நம் தேசத்துக் குழந்தைகளுக்கான திட்டத்தில் அது நாடெங்கும் சேர்ந்தது 2011-இலேதான். ஆகையால் இன்று கலாசாலை புகுவோர் எல்லாரும் மழலைப் பருவத்திலேயே அதைப் பெற்றிருப்பரென்று எண்ணிவிடலாகாது.

முதல் நாளில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என ஊசி மூன்று. அதன்பின் ஓரிரு மாதத்தில் இரத்தத்தைச் சோதித்து, லிட்டருக்கு 10 அலகுக்குக் குறையாமற் காப்புப் பொருள் உண்டாயிற்றா என்று பார்த்தல் வேண்டும். ஏறக்குறைய எட்டு மாத வேலை இது. முதலாண்டு மாணாக்கனோ உடலியல் ஆய்வறையிலேயே விரலைக் குத்தி இரத்த அணுக்களை எண்ணத் தொடங்கிவிடுகிறான். நோயாளர் விடுதிக்குப் போகுந் தறுவாயில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பது வெள்ளம் வந்தபின் அணை கோலுவதாம். ஊசி போட்ட சீட்டு ஒன்றே போதாது; சிலர்க்கு மூன்று ஊசியாலும் காப்பு உண்டாவதில்லை. அவர்க்கு மீண்டும் ஒரு சுற்று வேண்டும்; அதுவும் பயன்படாதாயின், தாம் காப்பற்றவர் என்று அவர் அறிந்திருத்தலே, ஊசி தைத்த நாளில் தாமதமின்றி இம்யூனோகுளோபுலின் பெற உதவும்.

க்ஷயரோகம் வேறு வகையது. பிறந்தவுடன் பி.சி.ஜி. குத்தப்பெற்றோம் என்று அமைதி கொள்ளலாகாது. செங்கற்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரும் ஆராய்ச்சி, வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லையென்று காட்டிற்று. ஆதலின் இங்கே வேண்டுவன ஆண்டுதோறும் பரிசோதனை, காற்றோட்டமுள்ள விடுதி, தக்க முகமூடி. சின்னம்மையோ, வெப்ப நாடுகளிற் பலர்க்கு வாலிபம் வரையில் வருவதில்லை. அத்தகையோன் அதனைக் கர்ப்பிணியின் கட்டிலருகே கொண்டு செல்லலாகாது. அதற்கும் மணல்வாரி அம்மைக்கும் ஊசி உண்டு.

‘என் தேகத்தில் ஊசி ஏற்றக் கலாசாலைக்கு என்ன அதிகாரம்?’ என்பாரும் உளர். தன்னைத் தொடும் மாணாக்கனைத் தேர்ந்துகொள்ளும் வசதி ஏழை நோயாளிக்கு இல்லை என்பதே என் விடை. ஆயினும் கட்டாயஞ் செய்வோர்க்கும் கடமையுண்டு. செலவு மாணாக்கன் தலையில் விழலாகாது. சோதனையின் முடிவு அறிவிப்புப் பலகைக்கு வரலாகாது. கிருமியுள்ளவனைக் கலாசாலையினின்று விலக்குவதோ கொடுமை. மேலும், விலக்குவரென்ற அச்சம் பரவினால் சோதனைக்கே எவனும் உண்மையாய் உடன்படான். ஹெப்படைட்டிஸ் பி மட்டுமே வைத்தியக் கல்விக்குத் தடையாகாதென்று ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிலையத்தார் 2012-இல் உரைத்தனர். மறு ஆண்டே, அக்காரணத்தால் இடம் மறுக்கப்பட்ட இருவர்க்காக அந்நாட்டு நீதி இலாகா தலையிட்டு இடம் பெற்றுத் தந்தது. மருந்தினாற் கிருமியின் அளவு குறைகிறது. அதை அளந்து பார்க்கவும் வழியுண்டு.

இன்னும் ஒன்று. பயன்படுத்திய ஊசிகள் நிறைந்த பெட்டியைத் தூக்கிச் செல்வோர் மாணாக்கரல்லர். விடுதியைக் கூட்டும் பணியாளரே. தடுப்பூசிக்கு மாணாக்கரின் பெயர்களை எழுதும் நாளிலேயே அவர்கள் பெயரையும் அதே ஏட்டில் எழுதுதல் வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று தள்ளிவிடலாகாது.