கோட்டைப்பட்டினத்தின் வளர்ச்சியும் உமர் (ரலி) வகுத்த எல்லையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஊர் வளர்ந்திருக்கிறதா என்று எவரேனும் கேட்டால், நாம் உடனே கட்டடங்களைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் உழைத்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளும் கடைகளும் அல்லாஹ் அளித்த அருட்கொடைகளே, அதில் ஐயமில்லை. ஆயினும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் அமைந்த கோட்டைப்பட்டினம் போன்றதோர் ஊரின் வளர்ச்சியைக் கரையில் மட்டும் வைத்து அளந்துவிட முடியாது. படகு உரிமையாளர், பங்குக்காகக் கடலுக்குச் செல்வோர், ஐஸ் உடைப்போர், கருவாடு காயவைக்கும் பெண்கள், மீன் ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் என முஸ்லிம், இந்து, கிறித்தவர் வேறுபாடின்றி அனைவருக்கும் அடுப்பெரியக் காரணமாக இருப்பது கடல்தான். அந்தக் கடல் வற்றாமலேயே வறண்டுபோகக் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

நம் முன் விரிந்து கிடக்கும் பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அதன் அடித்தரையில் கடற்புற்கள் வளர்கின்றன. மீன்களும் இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்வதற்கு அந்தப் புல்வெளியே தொட்டில். கடற்பசு எனவும் ஆவுளியா எனவும் நாம் அழைக்கும் உயிரினத்துக்கு அதுவே உணவு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதனால்தான். நமக்கு அண்டை ஊரான அம்மாப்பட்டினம் வரை அதன் எல்லை நீள்கிறது.

இத்தகைய ஆழமற்ற கடலில் அடித்தரையை உழுது செல்லும் இழுவை மடி எதை விட்டுவைக்கும்? வளர்ந்த மீனோடு குஞ்சும், குஞ்சோடு புல்லும் சேர்ந்தே மேலே வருகின்றன. இந்தப் பக்கம் மீன் குறையக் குறைய, நம் விசைப்படகுகள் எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகின்றன. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து நால்வர் சென்ற படகு, நெடுந்தீவுக் கடற்பகுதியில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது, நால்வரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு படகும் அவ்வாறே மூழ்க, மேலும் ஓர் உயிர் போயிற்று. அந்த மரணங்களுக்கு நீதி கேட்பது நம் உரிமை. அதே வேளையில், அக்கரையில் வலை அறுந்து நிற்பவரும் நம்மைப் போலத் தமிழ் பேசும் மீனவரே என்பதையும், போர் ஆண்டுகளில் கடலுக்குள் இறங்கவே தடைகளைச் சந்தித்து, 2009க்குப் பின்னர்தான் அவர் தம் தொழிலை மீட்டெடுக்கத் தொடங்கினார் என்பதையும் மறந்துவிடுவது நீதியாகாது.

அவ்வாறாயின் வளர்ச்சிக்கான திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? நம் மார்க்க வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அதன் பெயர் ‘ஹிமா’. பொதுநலனுக்காக எல்லை வகுத்துக் காக்கப்படும் மேய்ச்சல் நிலத்தை இச்சொல் குறிக்கும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ என்னும் நிலப்பகுதியை ஹிமாவாக ஆக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே சில நிலங்களைக் காத்தார்கள். அவற்றுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது உமர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விட வேண்டும். செல்வந்தர்களான உஸ்மான் பின் அஃப்பான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடக்கூடாது என்பதே அதன் சாரம். செல்வந்தரின் கால்நடைகள் மடிந்தால் அவருக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடைகள் மடிந்தாலோ அவர் தம் பிள்ளைகளோடு ஆட்சியாளரின் வாசலுக்கு வந்து நிற்பார் என்று உமர் (ரலி) அவர்கள் காரணமும் கூறினார்கள்.

சற்றே சிந்தியுங்கள். உஸ்மான் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் சுவர்க்க நற்செய்தி பெற்ற தோழர்கள். அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆயினும் பொதுவளத்தின் முன் சிறியவரின் உரிமையே முதலில் வைக்கப்பட்டது. ஒரு கடற்கரை ஊரின் நீடித்த வளர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான விதி நமக்குத் தேவையில்லை. எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். எஞ்சியதில் யாருக்கு முதல் உரிமை என்பதை அடுத்து வரையறுக்க வேண்டும். அதன்பின் எதைக் கட்டுவது என்று பேசலாம்.

உண்மையில் நம் கடலுக்கு ஹிமா ஏற்கெனவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடற்பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியுள்ளது. பாக் விரிகுடாவில் வாரத்தின் 3 நாட்கள் விசைப்படகுகளுக்கும் 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம், மீன்களின் இனப்பெருக்கத்துக்கென நாட்காட்டியில் வகுக்கப்பட்ட ஹிமாவேயாகும். எல்லைகள் இருக்கின்றன, அவற்றை அமானிதமாகக் கருதும் மனம்தான் குறைந்து வருகிறது.

விசைப்படகு உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவரிடம் உஸ்மான் (ரலி) அவர்களின் தோப்புகள் இல்லை. பெரும்பாலும் கடனே இருக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு அவர் சொல்லும் விலையிலேயே மீனைக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் ‘மடியை விட்டுவிடு’ என்று மட்டும் சொல்வது உபதேசமே தவிர உதவியன்று. 2017இல் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள படகுக்கு மத்திய, மாநில அரசுகள் 70 விழுக்காடு மானியம் அறிவித்தன. மீதத்தில் 20 விழுக்காடு வங்கிக் கடன். 10 விழுக்காடு மீனவரின் கைப்பணம். மூன்றாண்டுகளில் 2000 இழுவைப் படகுகளை மாற்றுவது என்ற இலக்கு நிறைவேறவில்லை. வட்டிக் கடனும் பழக்கமில்லாத ஆழ்கடலும் பலரைத் தயங்க வைத்தன.

இங்கேதான் ஜமாஅத்தின் கடமை தொடங்குகிறது. ஒரே நிக்காஹ் விருந்துக்கு நாம் செலவிடும் தொகை எத்தனை குடும்பங்களின் முன்பணக் கடனை அடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்போரின் பங்களிப்போடு வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை ஊரளவில் அமைத்தால், இழுவை மடியிலிருந்து செவுள் வலைக்கும் தூண்டிலுக்கும் மாற விரும்புவோருக்கு அது முதல் படியாகும். கருவாட்டைத் தூய்மையாக உலர்த்தி நல்ல விலைக்கு விற்க விரும்பும் பெண்களுக்கும் அதில் பங்கு வேண்டும். மதம் பாராமல் ஊரார் அனைவருக்கும் அது திறந்திருக்க வேண்டும். ஏனெனில் கடல் அனைவருக்கும் பொது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸன்ஸிபாரைச் சேர்ந்த மிஸாலி தீவைச் சுற்றியுள்ள முஸ்லிம் மீனவர்களிடையே வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் இருந்தது. அரசின் தடையுத்தரவுகள் சாதிக்காததை, படைப்பைக் காப்பது மார்க்கக் கடமை என்ற போதனை பெருமளவு சாதித்தது. அப்பணிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித் ஆவார். மிம்பர் மேடைக்கு அத்தகைய வலிமை உண்டு.

மிம்பரில் பேசுவதோடு கிராம சபையிலும் நாம் பேச வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் அங்கேதான் முன்வைக்கப்படுகிறது. கடலில் கலக்கும் கழிவுநீர், உப்பேறும் கிணறுகள், தூர்ந்துபோகும் ஊரணிகள் ஆகியவற்றைத் தீர்மானமாக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆண்களும் பெண்களும் திரளாகச் சென்று அந்த உரிமையைப் பயன்படுத்துவோமாக.

நம் பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய வீட்டை விட்டுச் செல்வது எளிது. மீனுள்ள கடலை விட்டுச் செல்வதே உண்மையான வளர்ச்சி. அந்த அமானிதத்தைக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.