ஒரு வரிக் கட்டளை, கூலி யாருக்கு?

"மெல்லிய புல்லாங்குழல், நிதானமான தாளம், கிராமத்து விடியற்காலை, பாட்டு வேண்டாம்" - இவ்வளவு எழுதினால் போதும். ஒரு நிமிடத்துக்குள் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் இசையைக் கொட்டிவிடுகிறது! வயலின்காரர் வரவேண்டியதில்லை, தபலாக்காரருக்குப் படி அளக்கவேண்டியதில்லை, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகையும் இல்லை. யூடியூப் படத்துக்குப் பின்னணி இசை தயார்.

சமையல் செய்து காட்டும் தாய்மாரும், கைத்தொழில் சொல்லித்தரும் இளைஞரும் இந்த வசதியை நாடுவதை நாம் குறை கூறமாட்டோம். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் உரிமைக்காரரின் புகார் வருகிறது, வருமானமும் பறிபோகிறது. இசைக்குழுவை அமர்த்தவோ கையில் காசில்லை. ஆகவே கருவியின்மீது நமக்குப் பகையில்லை.

ஆனால், நாம் கேட்கிறோம்: அந்த இயந்திரம் இசையை எங்கே கற்றது? வானத்திலிருந்தா குதித்தது?

2024 ஜூனில் யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய பெரும் இசை நிறுவனங்கள், சூனோ, யூடியோ என்ற இரு இயந்திரக் கம்பெனிகள்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. ஆகஸ்டில் சூனோ தந்த பதில் என்ன? இணையத்தில் எவரும் எடுக்கக்கூடிய, ஓரளவு தரமான இசைப் பதிவுகள் ஏறத்தாழ அனைத்தையுமே இயந்திரத்துக்கு ஊட்டியதாக ஒப்புக்கொண்டது! அது 'நியாயமான பயன்பாடு' என்றும் வாதிட்டது.

2025 இறுதியில் யூனிவர்சல் யூடியோவுடனும், வார்னர் சூனோவுடனும் சமரசம் செய்துகொண்டன. பாடகர், கவிஞர் ஆகியோரின் சம்மதம் பெறப்படும் என்றார்கள். நன்று. ஆனால், பின்வரிசையில் அமர்ந்து நாள்கூலிக்கு வயலின் வாசித்தாரே, பெயர்கூட அச்சேறாத அந்தத் தொழிலாளி, அவர் பங்கு எங்கே?

இந்தக் கேள்வி புதிதல்ல, தோழர்களே! 1927க்குப் பின் பேசும் படம் பரவியபோது, ஊமைப்படக் கொட்டகைகளில் வாசித்துவந்த ஆயிரக்கணக்கான அமெரிக்க இசைக்காரர்கள் வேலையிழந்து தெருவுக்கு வந்தனர். அடுத்து இசைத்தட்டின் முறை வந்தது. ஒருநாள் வாசித்த வாசிப்பு, வானொலியிலும் ஓட்டல் பெட்டியிலும் ஓயாமல் ஒலித்தது. வாசித்தவனுக்கோ மறுநாள் வேலையில்லை. தன் வாசிப்பே தனக்குப் போட்டியாயிற்று!

அவர்கள் இசைத்தட்டை உடைக்கவில்லை. சங்கமாகத் திரண்டார்கள். 1942 ஆகஸ்ட் 1 முதல், ஜேம்ஸ் பெட்ரிலோ தலைமையில் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் இசைத்தட்டுக்கு வாசிப்பதை நிறுத்தியது. உலகப் போர்க் காலம். அரசாங்கமும் பத்திரிகைகளும் கண்டித்தன. சங்கம் அசையவில்லை. 1943இல் டெக்கா கம்பெனி இணங்கியது. 1944 நவம்பரில், 27 மாதங்களுக்குப்பின், ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை நிதியாகச் சேர்ந்தது. வேலையற்ற இசைக்காரர்கள் மக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த, அந்த நிதி அவர்களுக்குக் கூலி கொடுத்தது.

அன்று கிடைத்த வழிதான் இன்றும் வழி என்று கருதுகிறோம். எவர் வாசிப்பு இயந்திரத்துக்கு ஊட்டப்பட்டதோ, அந்தப் பட்டியல் வெளிவரவேண்டும். சம்மதமின்றி எடுக்கக்கூடாது. வரும் லாபத்தில் ஒரு பங்கு, வாசித்த தொழிலாளரின் நிதிக்குப் போய்ச் சேரவேண்டும். இவற்றைச் சட்டமாக்கவேண்டும்.

ஊருக்குச் சொல்லுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். மாநாட்டு அழைப்புப் படத்துக்கு இயந்திர இசை போதும் என்று நினைக்கும் தோழர்களே! உங்கள் ஊரில் பறை அடிப்பவர் இல்லையா? நாதசுரக்காரர் இல்லையா? அவரை அழையுங்கள், கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள், பெயரையும் போடுங்கள். அவசரத்துக்கு இயந்திரத்தை நாடினால், 'இன்னாரைப்போல் வாசி' என்று உயிரோடிருக்கும் கலைஞரின் பெயரைக் கட்டளையில் எழுதாதீர்கள். அது அவர் கூலியைப் பிடுங்குவதாகும்.

உழைத்தவனுக்குக் கூலி என்று முழங்கும் நாம், இசைத்தவனை மறக்கலாமா?